டொபியின் பேரில்

எங்கள் பக்கத்து வளவில் வாடகைக்கு இருந்த அக்காவுக்கு ஒருநாளும் பசித்ததில்லை. டொபிக்குத்தான் பசிக்கும். அக்காவுக்குக் குளிர்ந்ததில்லை, பயம் வந்ததில்லை, ஒருவரிலும் கோபம் வந்ததில்லை. எல்லாம் டொபிக்குத்தான். “டொபிக்கு இந்தக் கூதல் ஒத்துக்கொள்ளேல்லையாம்” என்று சொல்லிக்கொண்டு தன் தோளைச் சீலைத் தலைப்பால் மூடுவா. தைத்துக் கொடுத்த சட்டையைப் பார்த்து ஆரும் முகம் சுளித்தால், “டொபிக்கு மனம் நொந்துபோச்சுதாம்” என்பா. டொபியோ அந்த நேரம் மெஷினுக்குக் கீழே மல்லாந்து கிடந்து நித்திரை கொள்ளும்.

டொபி ஒரு நாய். ரெரியர் என்கிற வகை. முழங்காலுக்குக் கீழே நிற்கும். வெள்ளை உடம்பு, இடது காதடியில் மட்டும் டொபி இனிப்பின் நிறத்தில் ஒரு திட்டு, பேரும் அதனால்தான். காது இரண்டும் நுனியில் மடிந்து கிடக்கும். வால் பெருவிரல் அளவு. பிறந்த கையோடு வெட்டிவிடுவார்களாம்.

எண்பத்து மூன்று கலவரத்தோடு கொழும்பிலிருந்து கப்பலில் வந்தவ அக்கா. அங்கே ஒரு பறங்கி அம்மா வீட்டுப் பின்னறையில் இருந்து சட்டை தைத்தவ. அந்த அம்மா ஒஸ்ரேலியாவுக்குப் போகும்போது கொடுத்த குட்டிதான் டொபி. கப்பலில் நாயை ஏற்றமாட்டார்கள் என்று, தையல் மெஷினின் மர மூடிக்குள் குட்டியை வைத்துத் துணியால் கட்டிக் கொண்டுவந்திருக்கிறா. மெஷின் அங்கேயே எரிந்துபோனது. மெஷினை விட்டுப்போட்டு மூடியைக் கொண்டுவந்த மனிசி என்று ஒழுங்கை முழுக்க ஒரு மாதம் சிரித்தது. பிறகு எங்கேயோ ஒரு பழைய கால்மெஷினைத் தேடி எடுத்து, அந்த மூடியையே அதற்கும் போட்டுக்கொண்டா.

எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் புதிதாக ஒருவர் குடிவந்தால் முதல் விசாரணை மனேச்சர் வீட்டிலிருந்துதான் வரும். முன்பு சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். கடை போன பிறகும் அந்தப் பேர் போகவில்லை. அக்கா வந்த மூன்றாம் நாள், தன் படலையில் சாய்ந்து நின்று கேட்டார்.

“பிள்ளை, உது நாயோ அணிலோ?”

“ரெரியர் சாதி, ஐயா.”

“ஓ! நாயிலையும் சாதி பார்த்துத்தான் எடுத்திருக்கிறீர். அது சரி, நீங்கள் எந்தப் பக்கத்து ஆக்கள்?”

“டொபியின்ரை தாயும் தகப்பனும் பதிஞ்ச சாதி, ஐயா. கடுதாசி இருக்கு. எங்கடை ஆக்களுக்கு அப்பிடிக் கடுதாசி ஒண்டும் இல்லை.”

மனேச்சர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். இவர் என்றால் என் மனிசன். சுருட்டுக் கொட்டிலில் வேலை. நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆக்களோடு கதைப்பதென்றால் தொண்டைக்குள் ஏதோ வந்து அடைக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டதும் அதனால்தான். வாசிக்கச் சொன்னால் எழும்பி நின்று அழுதுவிடுவேன். “இவளின்ரை குரல் வேலிக்கு மேலை ஏறாது” என்று இவர் வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லுவார்.

அக்காவுக்கும் எனக்கும் பழக்கம் வந்தது மீன்தலையால். வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து போகிற அளவு. அதற்குள்ளால் தலையை நீட்டி, “டொபிக்கு மீன்தலை எண்டால் உயிராம், தங்கச்சி” என்றா. நான் ஒரு தலையைக் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்து, வெட்டின செவுளையும் கொடுப்போம் என்று பொட்டுக்குள்ளால் போனேன். அக்கா குசினி நிலத்தில் இருந்து மீன்தலைக் குழம்பை வழித்துச் சோற்றோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தா. டொபிக்கு முன்னால் வெறும் சோறு. நான் வந்த காலடி தெரியாமல் திரும்பிவிட்டேன். அடுத்த கிழமையிலிருந்து இரண்டு தலை கொடுத்தேன்.

“ரெண்டென்னத்துக்கு?” என்று கேட்டா.

“டொபிக்கு ஒண்டு காணாது” என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. “டொபி உன்னைக் கும்பிடுறாளாம்” என்றா.

அந்த நாயின் காதை ஒழுங்கை அறிந்தது ஆமி ஹெலி பறந்து சுடத் தொடங்கின காலத்தில். ஒரு பின்னேரம் டொபி முற்றத்தில் எழும்பி நின்றது. மடிந்திருந்த காது நுனி இரண்டும் நிமிர்ந்தன. அக்கா ஒழுங்கைக்கு ஓடிவந்து கத்தினா. “டொபிக்குக் கேக்குதாம்! எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ!”

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனேச்சர் ஒழுங்கை நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “நாய்க்கென்ன, ராடர் பூட்டியிருக்கோ?” என்று கேட்டு அந்தப் பகிடிக்குத் தானே சிரித்து முடிய ஹெலி வந்துவிட்டது. மனேச்சர் மதகுக்குக் கீழே பாய்ந்தார். ஹெலி போன பிறகு ஊத்தைத் தண்ணி வடிய வடிய ஏறி வந்தார். கொடியில் காய்ந்த அவர் மனிசியின் சீலையில் மூன்று ஓட்டை. அந்தச் சீலையை அக்காதான் தைத்துக் கொடுத்தா. கூலி கேட்கவில்லை. “டொபிக்குக் கொஞ்சம் பால் விட்டால் போதுமாம்” என்றா. அன்றிலிருந்து மனேச்சர் வீட்டு மாடு கறக்கிற நாளெல்லாம் டொபிக்கு ஒரு சிரட்டை பால் வந்தது.

பிறகு இவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்தாலும் பகிடி மட்டும் நேராகத்தான் வந்தது. தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி, ரயில் நின்று, குண்டு போடுகிற பொம்மர் வரத் தொடங்கின. தண்டவாளத்துச் சிலிப்பர்க் கட்டைகளை இழுத்து வந்து மனேச்சர் வளவில் பெரிய பங்கர் வெட்டினார்கள். ஒழுங்கைக்கு அது ஒன்றுதான். எங்கள் வீட்டிலிருந்து பொட்டுக்குள்ளால் அக்கா வளவுக்குப் போய், அங்கிருந்து மனேச்சர் வளவுக்குப் போகவேண்டும். இவரைக் கதிரையில் இருத்தி, முன்னுக்கு அக்காவும் பின்னுக்கு நானும் தூக்கிக்கொண்டு போவோம். கதிரை போகட்டும் என்று பொட்டைப் பெரிதாக வெட்டினோம். டொபியின் காது எழும்பினால் எங்களுக்கு நேரம் இருந்தது. ஆறுதலாகத் தூக்கி, படியால் இறக்கி, இவருடைய சாரத்தைச் சரிசெய்துவிட்டு இருக்கும்போதுதான் எங்கள் காதுக்குப் பொம்மர் கேட்கும். காது எழும்பாவிட்டால் நாங்கள் பொட்டடியில் நிற்கும்போதே அது தலைக்கு மேலே வந்துவிடும். இதை நான் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது.

முதல் நாள் பங்கர் வாசலில் மனேச்சர் மனிசி மறித்துக்கொண்டு நின்றா.

“சாமிப்படம் வைச்சிருக்கிற இடத்துக்கை நாய் வரக்கூடாது.”

“டொபி வெளியிலை நிக்கிறாளாம்” என்று அக்கா சொன்னா. “அப்ப நானும் நிக்கிறன். நீங்கள் போங்கோ.”

உள்ளுக்கிருந்து மனேச்சர் பேசினார். “எடியேய், சாமி கோவிக்காது, பொம்மர்தான் கோவிக்கும்! உந்த நாயை உள்ளுக்கு விடு. அது எங்கடை சம்பளமில்லாத சென்றிக் காவல்.”

அப்படித்தான் பங்கரின் கடைசிப் படி டொபிக்குக் கிடைத்தது. இரண்டாம் கிழமை அது பங்கருக்குள் நான்கு எலி பிடித்துப் போட்டது. மனேச்சர் மனிசியே அதற்கு ஒரு கிழிந்த சாக்கை மடித்துப் போட்டா.

பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் இல்லை. எல்லோரும் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். அக்கா டொபியையும் பனங்களியில் தேய்த்துக் குளிக்கவார்த்தா. வெள்ளை நாய் மஞ்சளாகிவிட்டது. இலையான் சுற்ற, அது தன் உடம்பைத் தானே நக்கிக்கொண்டு திரிந்தது. “டொபிக்கு இந்த நிறம் பிடிச்சிருக்காம்” என்றா. எங்கள் இவர் ஒரு பக்க வாயால் கேட்டார், “அக்கா, நாளைக்குப் பொரிச்சுப் பனங்காய்ப் பணியாரமெண்டு விக்கிறதோ?” அக்கா சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவ அப்படிச் சிரித்ததை நான் பிறகு கனநாள் காணவில்லை.

அதற்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு என்று நினைக்கிறேன். மத்தியானம் ஒரு பெரிய அலுமினியச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் டொபி படுத்திருந்தது. சட்டி கை நழுவிச் சீமெந்தில் விழுந்து உருண்டது. ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். டொபி அசையவில்லை. செத்துப்போச்சோ என்று குனிந்து பார்த்தேன். வயிறு ஏறி இறங்கியது. தலைக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். இன்னொருக்கால் தட்டினேன்.

நிமிர்ந்தால் அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா.

“டொபிக்கு அலுப்பாம்” என்றா.

“எவ்வளவு நாளாய், அக்கா?”

அவ சட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தா.

“அப்ப போன கிழமை பொம்மர் வந்தது? முதல் கேட்டது ஆர்?”

“டொபிதான்.” என் கையைப் பிடித்தா. “தங்கச்சி, மனேச்சர் வீட்டுக்குச் சொல்லிப்போடாதை. காது இல்லையெண்டால் அவளுக்குப் படியும் இல்லை. வெளியிலை விட்டுப்போட்டு நான் என்னெண்டு உள்ளுக்கு இருக்கிறது?”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு மூன்று மாதமாக மெஷின் சத்தமே கேட்கவில்லை. நூல் இல்லை என்று சொன்னா. நூல் இருந்தது. மெஷின் ஓடினால் தூரத்துச் சத்தம் கேட்காது, அதுதான். விறகு முறிப்பதில்லை, தேங்காய் துருவுவதில்லை. முற்றத்தில் முருங்கைக்குக் கீழே போய் நிற்பா, பிறகு படலையடி, பிறகு கிணற்றடி, திரும்ப முருங்கையடி. எங்கும் ஒரு நிமிஷம். நாங்கள் கதைத்தால் கையை உயர்த்தி நிறுத்துவா. கண் இரண்டும் செம்பரத்தம்பூ மாதிரி. நாயின் காதாகத் தானே நின்றிருக்கிறா.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவருக்குச் சோறு தீத்தும்போதும் மனம் வானத்தில். ஒரு மனிசியின் நித்திரையில்லாத காதை நம்பி இந்தக் கதிரை கிடக்கிறதே என்று யோசித்தேன். அக்காவில் கோபமும் வந்தது. ஒழுங்கையில் இத்தனை சீவன் இருக்க, ஒரு நாயின் படிக்காக இப்படிப் பொய் சொல்லலாமோ? மனேச்சரிடம் சொல்லிவிடுவோம் என்று இரண்டு தரம் பொட்டு மட்டும் போனேன். இரண்டு தரமும் அக்கா முற்றத்தில் நின்றபடி, ஒரு காதைக் கையால் குவித்துக்கொண்டு வடக்கே பார்த்திருந்தா. திரும்பி வந்துவிட்டேன்.

“என்னப்பா, கால் சுட்ட பூனை மாதிரித் திரியிறாய்?” என்று இவர் கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை.

மனிசக் காது நாய்க் காது ஆகுமோ? அக்கா பிந்திவிடுவேனோ என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் கத்தத் தொடங்கினா. உழவு மெஷினுக்கு ஒருநாள். லொறிக்கு ஒருநாள். ஒரே நாளில் மூன்று தரம் பங்கருக்குள் போய் வந்தோம். மூன்றாம் தரம் மனேச்சர் மனிசியின் உலை அடிப்பிடித்துவிட்டது.

மனேச்சர் படியில் நின்று சொன்னார். “பிள்ளை, நாய்க்கு வயது போட்டுது. இனியொருக்கால் உது பொய் சொன்னால் நான் உள்ளுக்கு விடன். சொல்லிப்போட்டன்.”

“டொபிக்கு விளங்கிட்டுதாம், ஐயா” என்றா அக்கா.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆபத்து. இப்போது அவ சந்தேகத்துக்குக் கத்தப் பயந்தா. நிச்சயமாகும் மட்டும் பொறுத்தா. ஒருநாள் பொறுத்துப் பொறுத்துக் கத்த, நாங்கள் கதிரையோடு பொட்டுக்குள் நிற்கையில் பொம்மர் மேலால் போனது. குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. இவர் என்னைப் பார்த்து, “இண்டைக்கு நாய் பிந்திட்டுதுபோலை” என்றார். அந்தச் சிரிப்புக்குள் பயம் இருந்தது.

அதற்கு மற்ற நாள் காலை. இவரை முற்றத்தில் கதிரையில் இருத்தி முகம் வழித்துக்கொண்டிருந்தேன். பொட்டுக்குள்ளால் பார்த்தால் அக்கா முருங்கையில் சாய்ந்து நிற்கிறா. பிறகு பார்த்தால் சரிந்து நிலத்தில் இருக்கிறா. தலை தொங்கி, வாய் திறந்து, நல்ல நித்திரை. மடியில் டொபி, அதுவும் நித்திரை.

எனக்குச் சத்தம் ஒன்று கேட்டது. மெல்லிய இரைச்சல். பொம்மராகவும் இருக்கலாம், றோட்டில் போகிற லொறியாகவும் இருக்கலாம். சவரக்கத்தியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக் கேட்டேன். கூடுகிறதா, குறைகிறதா? கத்தினால், பொய்யென்றால், நாயின் படி போய்விடும். கத்தாவிட்டால் இவர்.

கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. “எல்லாரும் ஓடுங்கோ! பங்கருக்கு ஓடுங்கோ!”

அக்கா துள்ளி எழும்பி, ஒரு கக்கத்தில் டொபியோடு ஓடிவந்து கதிரையைப் பிடித்தா. சவர்க்காரம் இல்லாத காலம், பாதி வழித்த தாடையில் தண்ணி சொட்ட இவர் போய் இறங்கினார். எல்லோரும் இருந்தோம். மனேச்சர் மனிசி தேவாரம் தொடங்கினா. இரைச்சல் கிட்ட வந்தது. வந்து, எங்கள் ஒழுங்கை முகப்பால் திரும்பிப் போனது. லொறிதான்.

மனேச்சர் எழும்பி நின்றார். தலை கட்டையில் இடிபட்டது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

“நான் சொன்னனான்தானே? இறக்கு உந்த நாயை. இண்டையோடை சரி.”

அக்கா டொபியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. வாயைத் திறந்தா. டொபி என்ன சொல்கிறது என்று சொல்ல அவவிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

“டொபி இல்லை” என்றேன். “நான்தான்.”

“என்ன?”

“நான்தான் கேட்டது. நான்தான் கத்தினது. நாய் நித்திரை. பிழை என்னிலை.”

மனேச்சர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “நீயோ? அந்தக் குரல் உன்ரையோ? நான் ஒலிபெருக்கி கட்டின வான் வருகுதெண்டெல்லோ நினைச்சன்!”

முதல் சிரித்தது இவர். பிறகு மனேச்சர் மனிசி. பிறகு எல்லோரும். “பன்ரண்டு வருஷமாய் ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறாளப்பா” என்று இவர் சொல்லிச் சொல்லி அழுதார். டொபியின் படியைப் பற்றி அன்றைக்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

பொட்டடியில் அக்கா என்னை நிறுத்தினா. நான் சொன்னேன், “நீங்கள் போய்ப் படுங்கோ. மத்தியானம் மட்டும் நான் கேக்கிறன்.” அன்றிலிருந்து காலை எனக்கு, பின்னேரம் அவவுக்கு. நான் படலையடிக்குத் தள்ளி நின்று கேட்க, காலையில் மெஷின் திரும்ப ஓடியது. நான் கேட்டாலும் அவ கேட்டாலும், கத்துவது டொபியின் பேரில்தான். பிழை வந்தால் என் பேரில். எனக்கு அந்த ஒழுங்கு விருப்பமில்லை. ஆனால் செய்தேன்.

தொண்ணூற்று நான்கில், வைகாசி வெக்கையில், டொபி ஒரு காலை எழும்பவில்லை. வருத்தம் ஒன்றும் இல்லை, வயதுதான். லெமன் மரத்தடியில் குழி வெட்டினோம். மனேச்சர் வந்து கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நல்ல காது” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அழவில்லை. மண்ணைக் காலால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே நின்றா.

“இனி ஆருக்குக் கேக்குதெண்டு சொல்லுறது, தங்கச்சி?”

“உங்களுக்கெண்டு சொல்லுங்கோ.”

“நான் சொன்னால் ஆர் வருவினம்?”

அன்றிலிருந்து அவ சாப்பிட்டதாகத் தெரியவில்லை. பசிக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. நான் சோற்றைக் கொண்டுபோய் வைத்தால், ஆருக்கு என்பதுபோல் பார்ப்பா.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். பின்னேரம், அக்காவின் முறை. நான் கிணற்றில் தண்ணி அள்ளிக்கொண்டிருந்தேன். கப்பி கிறீச்சிட்டதில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அக்கா பொட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் வந்து நிற்கிறா. முகம் வெளுத்திருந்தது. “டொ…” என்றா. நிறுத்தினா. என்னைப் பார்த்தா. பிறகு ஒழுங்கைப் பக்கம் திரும்பினா.

“எனக்குக் கேக்குது!” என்று கத்தினா. “எனக்குப் பயமாக் கிடக்கு! எல்லாரும் வாங்கோ!”

அவ சொல்லி முடிக்க முன்னம் மனேச்சர் மனிசி கையில் அகப்பையோடு முற்றத்தைத் தாண்டிவிட்டா. பின்னால் மனேச்சர், சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, “கெதியா, கெதியா” என்று ஓடினார். ஆருக்குக் கேட்டது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, இவர் இருந்த கதிரையின் பின்கால்களைப் பிடித்தேன். அக்கா முன்கால்களைப் பிடித்தா.

“எனக்குக் கை நடுங்குது, தங்கச்சி.”

“எனக்கும்தான். தூக்குங்கோ” என்றேன்.

தூக்கினா.